கடலடிச் சேற்றில் பதிந்த வெப்பக்காலம்: 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் இன்று நடப்பதும்

காலநிலை மாற்றம் குறித்த விவாதம் எங்கு நடந்தாலும், "பூமியின் தட்பவெப்பம் எந்தக் காலத்தில்தான் மாறாமல் இருந்தது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். கேள்வியில் தவறேதும் இல்லை. அண்டார்டிகாவில் காடுகள் வளர்ந்த காலமும் உண்டு, கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடிக்கிடந்த காலமும் உண்டு. இவற்றைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்கள் புவியியலாளர்களும் தொல்லுயிரியலாளர்களும்தாம். அப்படியிருக்க, இன்றைய மாற்றத்தைக் கண்டு அவர்களே மற்றவர்களைவிட அதிகமாகக் கவலைப்படுவது ஏன் என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் முறை. பாறைகளும் கடலடிச் சேறும் தரும் சான்றுகளைப் படித்தவர்கள், வெப்பம் எவ்வளவு கூடியது என்பதோடு நிற்பதில்லை. அது எத்தனை ஆண்டுகளில் கூடியது, அந்த வேகத்துக்கு அன்றைய உயிர்களால் ஈடுகொடுக்க முடிந்ததா என்றும் பார்க்கிறார்கள். கவலை அங்கேதான் பிறக்கிறது. இதை விளங்கிக்கொள்ள மிகப் பொருத்தமான நிகழ்வு ஒன்று உண்டு. ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன் காலம் முடிந்து இயோசீன் காலம் தொடங்கிய தறுவாயில், பூமியின் சராசரி வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. பேலியோசீன்-இயோசீன் வெப்ப உச்சம் என்று அதற்குப் பெயர்.

அந்த நிகழ்வு வெளிச்சத்துக்கு வந்தது அண்மையில்தான். 1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில், மாட் ரைஸ் எனப்படும் கடலடி மேட்டின்மேல் துளையிட்டு நீண்ட மண் உருளைகளை வெளியே எடுத்தது. அவற்றை ஆராய்ந்த ஜேம்ஸ் கென்னட், லோவல் ஸ்டாட் ஆகிய இருவரும் 1991-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். உருளையின் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில், புவியியல் கணக்கில் கண்ணிமைக்கும் நேரம் என்று சொல்லத்தக்க குறுகிய இடைவெளிக்குள், கடல்நீர் சட்டென்று சூடேறியிருந்தது. கடலின் ஆழத்தில் வாழ்ந்த நுண்ணுயிர்களில் பல அதே மட்டத்தோடு மறைந்துபோயிருந்தன. நீரில் கரைந்திருந்த கார்பனின் தன்மையும் மாறிவிட்டிருந்தது. பின்னர் உலகின் மற்ற பகுதிகளிலும் இதே அடையாளம் அடுத்தடுத்துக் கிடைத்தது. எகிப்தில் லக்சருக்கு அருகிலுள்ள தபாபியா என்னும் இடத்துப் பாறை அடுக்கில் அது தெளிவாகத் தெரிவதால், இயோசீன் காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் உலக அளவுகோலாக அந்த அடுக்கே இன்று ஏற்கப்பட்டுள்ளது.

சேற்றிலிருந்து வெப்பநிலையை எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் கடலில் கோடானுகோடியாக வாழ்கின்றன. பெரும்பாலானவை மணல் துகள் அளவுதான் இருக்கும். கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனையும் ஆக்சிஜனையும் எடுத்துத் தமக்கு ஓடு கட்டிக்கொள்ளும் இவை, இறந்ததும் அடியில் படிந்து சேறாகின்றன. ஆக்சிஜனில் எடை குறைந்த அணுவும் எடை கூடிய அணுவும் உண்டு. நீர் குளிர்ந்திருந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜனின் பங்கு சற்றுக் கூடும். நீர் சூடாக இருந்தால் குறையும். எனவே ஓட்டைக் கரைத்து இரண்டு அணுக்களின் விகிதத்தை அளந்தால், அந்த உயிரி வாழ்ந்த நீரின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். ஒரே உருளையில் நீர்ப்பரப்பில் மிதந்து வாழ்ந்த இனங்களின் ஓடுகளும் அடித்தளத்தில் வாழ்ந்த இனங்களின் ஓடுகளும் கலந்தே கிடப்பதால், மேல்நீர் எவ்வளவு சூடேறியது, ஆழ்நீர் எவ்வளவு சூடேறியது என்று தனித்தனியாகவும் சொல்ல முடிகிறது.

கார்பனிலும் இப்படியே. இயற்கையில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 99 சதவீதம் கார்பன்-12. எஞ்சியதில் பெரும்பகுதி கார்பன்-13. ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் எடை குறைந்த கார்பன்-12-ஐக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே தாவரங்களிலும், அவற்றை உண்ட உயிர்களிலும், அவை மக்கி உருவான நிலக்கரி, எண்ணெய், மீத்தேன் ஆகியவற்றிலும் கார்பன்-13 குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட கார்பன் பெருமளவில் காற்றிலும் கடலிலும் கலந்தால், அந்தக் காலத்தில் உருவான எல்லா ஓடுகளிலும் எல்லா இலைகளிலும் கார்பன்-13-இன் பங்கு ஒருசேரக் குறையும். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில், கடலடியிலும் தரையிலும் காணப்படுவது அதே சரிவுதான். இன்றைய காற்றிலும் கார்பன்-13-இன் பங்கு தொடர்ந்து குறைந்துவருகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் பழைய தாவரங்களிலிருந்தும் கடல் பாசிகளிலிருந்தும் வந்தவை என்பதால், காற்றில் கூடிவரும் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்த அணுக்களே விடை சொல்லிவிடுகின்றன.

அன்று அவ்வளவு கார்பனை வெளியேற்றியது எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை. கடலடியில் உறைந்துகிடந்த மீத்தேன் ஹைட்ரேட்டுகள் வெப்பத்தால் கலைந்து வாயுவாக வெளியேறின என்று ஜெரால்ட் டிக்கன்ஸ் 1995-இல் முன்வைத்த விளக்கம் நெடுங்காலம் முதன்மையாக இருந்தது. வட அட்லாண்டிக் கடல் அப்போதுதான் பிளந்து விரிந்துகொண்டிருந்தது. கிரீன்லாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பெரும் எரிமலைச் செயல்பாடு நடந்துகொண்டிருந்தது. நார்வேக்கு அப்பால் உள்ள கடலடியில், உருகிய பாறைக் குழம்பு உயிர்ப்பொருள் செறிந்த படிவுகளுக்குள் புகுந்து அவற்றைச் சுட்டுப் பொசுக்கி வாயுவாக்கியதற்கான சான்றுகளை ஹென்ரிக் ஸ்வென்சனும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்டார்கள். 2017-இல் மார்கஸ் குட்யார் தலைமையிலான ஆய்வு, ஓடுகளிலுள்ள போரான் அணுக்களை அளந்து, வெளியான கார்பன் 10 லட்சம் கோடி டன்னுக்கும் மேல் என்றும் அதில் பெரும்பங்கு எரிமலையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டது. முந்தைய மதிப்பீடுகளில் சில 3 லட்சம் கோடி டன் அளவில் நின்றன. என்னுடைய பார்வையில், எரிமலை தொடங்கிவைத்ததை மீத்தேனும் உறைமண்ணும் காய்ந்த சதுப்புகளும் பின்னர் பெருக்கின என்ற கலப்பு விளக்கமே சான்றுகளுக்கு நெருக்கமாக நிற்கிறது. அது உறுதியானால் நமக்கும் அதில் செய்தி உண்டு. வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் பூமி தானே மேலும் கார்பனை வெளியிடத் தொடங்கும் என்பதே அந்தச் செய்தி.

இனி வேகத்துக்கு வருவோம். ரிச்சர்ட் சீபி, ஆண்டி ரிட்ஜ்வெல், ஜேம்ஸ் ஸாகோஸ் ஆகிய மூவரும் நியூஜெர்சிக் கடற்கரைப் படிவுகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கார்பன் வெளியான உடனேயே அதன் அணு அடையாளம் படிவில் பதிந்துவிடும். ஆனால் கடல் சூடேறுவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும். வெளியீடு மிக வேகமாக நடந்திருந்தால் இரண்டு மாற்றங்களுக்கும் இடையில் ஒரு கால இடைவெளி தெரிய வேண்டும். படிவுகளிலோ இரண்டும் கைகோத்து வருகின்றன. ஆகவே வெளியீடு குறைந்தது 4,000 ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும் என்றும், ஆண்டுக்கு 110 கோடி டன் கார்பனுக்கு மேல் வெளியாகியிருக்க முடியாது என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இன்று புதைபடிவ எரிபொருள்களிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் கார்பன் வெளியாகிறது. அதைக் கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் 3,700 கோடி டன். டைனோசர்கள் அழிந்த பிறகான 6.6 கோடி ஆண்டுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பெரிய கார்பன் வெளியீட்டைவிட, இன்றைய வெளியீட்டின் வேகம் ஏறக்குறைய ஒன்பது அல்லது பத்து மடங்கு அதிகம். வெப்பநிலையை வைத்துப் பார்த்தாலும் இதே சித்திரம்தான் கிடைக்கிறது. 4,000 ஆண்டுகளில் 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால் நூற்றாண்டுக்கு 0.13 டிகிரிக்கும் குறைவு. அண்மைப் பத்தாண்டுகளிலோ பூமி ஒவ்வொரு பத்தாண்டுக்கும் 0.2 டிகிரி அளவில் சூடேறிவருகிறது.

இந்தக் கணக்கில் எச்சரிக்கையும் வேண்டும். 2013-இல் ஜேம்ஸ் ரைட், மார்கன் ஷாலர் என்ற இரு ஆய்வாளர்கள் அதே நியூஜெர்சிப் பகுதியின் களிமண் உருளையில் சீரான இடைவெளியில் மெல்லிய அடுக்குகள் இருப்பதைக் கண்டு, அவற்றை ஆண்டு அடுக்குகளாகக் கொண்டு, கார்பன் வெளியீடு வெறும் 13 ஆண்டுகளில் நடந்து முடிந்தது என்று அறிவித்தார்கள். உண்மையாயிருந்தால் இன்றைய நிலைமைக்கு வரலாற்றில் முன்மாதிரி உண்டு என்றாகியிருக்கும். ஆனால் அந்த அடுக்குகள் துளையிடும்போது களிமண் உடைந்து, இடையிடையே துளைச்சேறு புகுந்ததால் உண்டான சிதைவு என்று வேறு ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே சுட்டிக்காட்டினர். 13 ஆண்டு என்ற கருத்தை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. கடலடிப் படிவில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே சேர்கிறது என்பதையும், அடியில் வாழும் புழுக்கள் அதைக் கிளறிக் கலக்கிவிடும் என்பதையும் நினைவில் கொண்டால், பத்தாண்டுகளில் நடந்ததைக் கோடி ஆண்டுகளுக்குப் பின் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பது புரியும். அதனால்தான் இத்துறையினர் ஒரே ஒரு உருளையை நம்பி முடிவு சொல்வதில்லை.

கடலுக்கு நேர்ந்ததைக் கண்ணால் காண வேண்டுமானால், ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், தென் அட்லாண்டிக்கில் உள்ள வால்விஸ் மலைத்தொடரிலிருந்து 2003-இல் எடுக்கப்பட்ட உருளைகளைப் பார்க்க வேண்டும். கீழிருந்து மேலாக வெளிர்நிறச் சேறு சீராக வருகிறது. நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் சேர்ந்த சேறு அது. திடீரென்று, கத்தியால் வெட்டியதுபோல், செம்பழுப்பு நிறக் களிமண் தொடங்குகிறது. அதில் சுண்ணாம்பே இல்லை என்னும் அளவுக்கு ஓடுகள் கரைந்துபோயிருக்கின்றன. அதன்மேல் நிறம் மெல்ல மெல்ல வெளுத்து, மீண்டும் பழைய சேறாகிறது. கரியமில வாயு கரைந்த நீர் அமிலத்தன்மை பெறும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகுமோ, அதுவே பெருங்கடலின் அடியில் மிக மெதுவாக நடந்தது. சுண்ணாம்பு கரையாமல் தங்கும் ஆழத்தின் எல்லை அப்பகுதியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டது என்று ஸாகோஸ் குழுவினர் 2005-இல் கணக்கிட்டார்கள். கரைந்தது பத்தாயிரம் ஆண்டுகளுக்குள். பழைய நிலைக்கு மீள ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆயின.

ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அடியோடு அழிந்தன. முந்தைய பல கோடி ஆண்டுகளின் இடர்களையெல்லாம், டைனோசர்களை அழித்த விண்கல் மோதலையும்கூடப் பெரிய இழப்பின்றிக் கடந்துவந்தவை அவை. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். உடல் இயக்கமோ வேகமாகி அதிக உணவைக் கேட்கும். அமிலமோ ஓட்டைக் கட்டவிடாது. மூன்று நெருக்கடிகளும் ஒரே நேரத்தில் வந்தன. இதற்கு மாறாக, மேல்நீரில் மிதந்து வாழ்ந்த உயிரிகள் இடம்பெயர்ந்தும் கலைந்தும் போனாலும், அவற்றில் பெரும்பாலானவை தப்பிப் பிழைத்தன. 2004-இல் ஆர்க்டிக் கடலின் லோமனோசோவ் தொடரில் எடுத்த உருளைகளில், வெப்பக் கடல்களுக்கே உரிய அபெக்டோடினியம் என்ற பாசி வடதுருவம் வரை பரவியிருந்தது தெரிந்தது. அந்த நீரின் வெப்பநிலை 23 டிகிரியைத் தாண்டியிருந்தது என்பது அப்போதைய கணிப்பு.

மேல்நீர் தப்பியதற்குக் காரணம் வெளியீட்டின் மெதுவான வேகம்தான் என்பது இக்கட்டுரைக்கு மையமான செய்தி. கடலின் மேல்நீரும் ஆழ்நீரும் ஒன்றோடொன்று கலக்க ஆயிரம் ஆண்டுகள் அளவில் ஆகும். கார்பன் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வந்தால், அது ஆழத்துக்கு இறங்கிப் பரவும்; அடியிலுள்ள சுண்ணாம்புச் சேறு கரைந்து அமிலத்தை முறிக்கும்; மேல்நீரின் சுமை குறையும். அதே கார்பன் சில நூறு ஆண்டுகளில் வந்து குவிந்தால், ஆழத்துக்கு இறங்குவதற்குள் மேல்நீரிலேயே தேங்கிவிடும். பவளங்களும் சிப்பிகளும், மீன்களுக்கு உணவாகும் மிதவை உயிரிகளும் வாழ்வது அந்த மேல்நீரில்தான். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேற்பரப்பு பிஹெச் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 8.2-இலிருந்து 8.1-ஆக இறங்கியிருக்கிறது. எண்ணில் சிறிதாகத் தோன்றினாலும் அமிலத்தன்மை கால்பங்குக்கும் மேல் கூடிவிட்டது என்று அதற்குப் பொருள். இன்று வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பேலியோசீன் முடிவிலேயே பவளத் திட்டுகள் பெரும் சரிவைச் சந்தித்தன. இன்றைய மத்தியதரைக் கடற்பகுதியை உள்ளடக்கிய டெதிஸ் கடலின் ஆழமற்ற பகுதிகளில், பவளங்கள் இருந்த இடத்தை நாணய வடிவிலான பெரிய ஃபோராமினிஃபெராக்கள் பிடித்துக்கொண்டன. அதைவிடப் பத்து மடங்கு வேகத்தை இன்றைய பவளங்கள் எதிர்கொள்கின்றன.

தரையில் நடந்ததை இவ்வளவு நுணுக்கமாக வேறெங்கும் படிக்க முடியாது என்று சொல்லத்தக்க இடம், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள பிக்ஹார்ன் படுகை. சிவப்பும் சாம்பலும் மாறி மாறி வரியோடிய, புல்கூட அரிதாக முளைக்கும் வறண்ட குன்றுகள் அங்கே மைல் கணக்கில் நீண்டுகிடக்கின்றன. ஒவ்வொரு சிவப்பு வரியும் ஒரு பழைய மண். ஃபிலிப் ஜின்ஜெரிச் அங்கே பல பத்தாண்டுகளாகப் பாலூட்டிகளின் பற்களையும் எலும்புகளையும் சேகரித்தார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்காட் விங் இலைகளைத் தேடினார். வெப்ப உச்சத்துக்கு முந்தைய அடுக்குகளில் பிர்ச், வால்நட் குடும்ப மரங்களும் ஊசியிலை மரங்களும் இருக்கின்றன. வெப்ப உச்ச அடுக்குகளில் ஊசியிலை மரங்களைக் காணோம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, சிறிய இலைகள் கொண்ட தாவரங்கள் வந்துவிட்டன. தெற்கே வெப்பம் மிகுந்த வறட்சிப் பகுதிகளில் வாழ்ந்தவை அவை. வெப்பம் தணிந்தபின் பழைய மரங்களில் பலவும் திரும்பி வருகின்றன.

இலைகளிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடும் முறை எளியது, ஆனால் வியப்பூட்டுவது. ஒரு பகுதியின் மரங்களில் எத்தனை விழுக்காடு விளிம்பு வழவழப்பானவை, எத்தனை விழுக்காடு ரம்பப் பல் போன்ற விளிம்பு கொண்டவை என்று எண்ணினால், அந்த விகிதம் அப்பகுதியின் சராசரி வெப்பநிலையோடு ஒத்துப்போகிறது. பெய்லி, சின்னட் என்ற இரு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் 1915-லேயே இதைக் கண்டறிந்தனர். நம் ஊர் மாவும் ஆலும் அரசும் புங்கமும் புன்னையும் வழவழப்பான விளிம்பு கொண்டவை. பல் விளிம்புள்ள வேம்பு இங்கே சிறுபான்மை. குளிர்நாட்டுக் காடுகளில் விகிதம் தலைகீழாக இருக்கும். பிக்ஹார்ன் இலைகளின் விளிம்பை எண்ணியபோதும், கடலடி ஓடுகள் சொன்ன 5 டிகிரி உயர்வே அங்கும் கிடைத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகள் ஒரே விடையைத் தருவதைவிடப் பெரிய உறுதி இத்துறையில் கிடைப்பது அரிது.

அதே இலைகளை எலன் குரானோ வேறொரு கோணத்தில் பார்த்தார். பூச்சிகள் கடித்த துளைகளும், விளிம்பில் அரித்த வளைவுகளும், இலைத்தோலுக்குள் புழு குடைந்து சென்ற தடங்களும் படிவத்தில் அப்படியே பதிந்திருக்கின்றன. 5,000-க்கும் மேற்பட்ட இலைகளை ஒவ்வொன்றாகச் சோதித்த அந்த ஆய்வு 2008-இல் வெளியானது. வெப்ப உச்சக் கால இலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பூச்சிகளால் சேதமடைந்திருந்தன. முன்பும் பின்பும் இருந்ததைவிட அது தெளிவாகவே அதிகம். சேதத்தின் வகைகளும் கூடியிருந்தன. வெப்பம் கூடக் கூடப் பூச்சிகள் பெருகும், புதிய பகுதிகளுக்குப் பரவும் என்பது ஒரு காரணம். காற்றில் கரியமில வாயு கூடும்போது இலையில் மாவுப்பொருள் கூடி நைட்ரஜனின் பங்கு குறைந்துவிடுவதால், தேவையான புரதத்தைப் பெறப் பூச்சி அதிக இலையைத் தின்ன வேண்டியிருக்கும் என்பது இன்னொரு காரணம். கரியமில வாயு கூடினால் பயிர் செழிக்கும் என்று பேசுவோர் இந்தக் கடித்த இலைகளை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விலங்குகளில் நடந்தது இன்னும் நுட்பமானது. இன்றைய குதிரையின் மிகப் பழைய உறவான சிஃப்ரிப்பஸ் வட அமெரிக்காவில் தோன்றியது இந்த வெப்பக்காலத்தில்தான். தொடக்கத்திலேயே அதன் எடை ஐந்தரைக் கிலோ அளவுதான். ராஸ் செகோர்ட் குழுவினர் 2012-இல் அதன் கடைவாய்ப் பற்களை அளந்து, வெப்பம் நீடித்த 1,30,000 ஆண்டுகளில் அது மேலும் 30 சதவீதம் சிறுத்து நான்கு கிலோவுக்கும் குறைந்தது என்றும், வெப்பம் தணிந்ததும் ஏழு கிலோ அளவுக்குப் பெருத்தது என்றும் காட்டினார்கள். உடல் சிறுத்தால் எடைக்கு ஏற்ற தோல்பரப்பு கூடும். வெப்பத்தை வெளியேற்றுவது எளிதாகும். ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டுகளுக்குப் பின் வந்த சற்றுச் சிறிய வெப்ப நிகழ்வின்போதும் குதிரைகள் 14 சதவீதம் அளவில் சிறுத்தன என்று 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு முறை நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். இரண்டாம் முறையும் நடந்தபின் அப்படிச் சொல்வது கடினம்.

பாலூட்டிகள் பெருமளவில் அழியவில்லை. இரட்டைக் குளம்பிகளும் ஒற்றைக் குளம்பிகளும், நாம் சேர்ந்த குரங்கினத்தின் முன்னோடிகளும் ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா மூன்றிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தலைகாட்டுகின்றன. வட துருவத்தை ஒட்டிய நிலப்பாலங்கள் பனியின்றி இதமாக இருந்ததால் அவை கண்டம்விட்டுக் கண்டம் போக முடிந்தது. அவற்றின் தோற்றத்தில் இந்தியாவுக்குப் பங்குண்டா என்ற கேள்வியும் உயிரோடுதான் இருக்கிறது. ஆசியாவோடு இன்னும் முழுமையாக இணையாத இந்திய நிலப்பகுதியில் 5.4 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த, குதிரைகளுக்கும் காண்டாமிருகங்களுக்கும் நெருங்கிய உறவான கேம்பேதீரியம் குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்திருக்கிறது. இந்த இடப்பெயர்ச்சியைக் காட்டி, உயிர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்ளும் என்று ஆறுதல் அடைவது பொருந்தாது. அன்று வழியில் வயல்களோ நெடுஞ்சாலைகளோ நகரங்களோ இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டு அவகாசமும் இருந்தது. இன்று பெரும்பாலான காட்டுயிர்கள் தீவுகளைப் போலத் துண்டுபட்ட காடுகளுக்குள் நிற்கின்றன.

மழையைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். வட ஸ்பெயினில் பைரனீஸ் மலையடிவாரத்தில், மென்மையான மண் படிவுகளுக்கு நடுவே, வெப்ப உச்சத்தின் தொடக்கத்தில் மட்டும் உருண்டைக் கற்களும் சரளையும் நிறைந்த தடித்த அடுக்கு ஒன்று பரவிக்கிடக்கிறது. பிர்கர் ஷ்மிட்ஸும் விக்டோரியானோ புஹால்ட்டேயும் 2007-இல் அதைப் பெருவெள்ளங்களின் எச்சமாக விளக்கினார்கள். நீண்ட வறட்சியும் இடையே கொட்டித் தீர்க்கும் மழையும் மாறி மாறி வரும் காலநிலையில்தான் ஆறுகள் அவ்வளவு கற்களைச் சுமந்துவந்து விரித்துப்போடும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்ற இயற்பியல் விதி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

எனினும் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பூமியிடம் எல்லாக் கேள்விக்கும் விடை கேட்க முடியாது. அன்று துருவங்களில் பெரும் பனிப்பாளங்களே இல்லை. உருகுவதற்கு எதுவும் இருக்கவில்லை. கடல்மட்டம் பற்றி அறிய நெருங்கிய காலங்களைத்தான் நாட வேண்டும். அண்டார்டிகாவின் டோம் சி என்னும் இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளைத்தெடுத்த பனி உருளைகளில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. அந்தக் காலம் முழுவதிலும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டவே இல்லை. ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது அது 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 1,29,000 முதல் 1,16,000 ஆண்டுகளுக்கு முன்வரை நிலவிய, இரு பனிக்காலங்களுக்கு இடைப்பட்ட கடைசி இடைவெப்பக் காலத்தில், பூமி தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒரு டிகிரி அளவில்தான் வெப்பமாக இருந்தது; ஆனால் கடல்மட்டம் இன்றைவிட 5 முதல் 10 மீட்டர் உயர்ந்திருந்தது. கரியமில வாயு கடைசியாக இன்றைய அளவை ஒட்டி இருந்தது 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பிளியோசீன் காலத்தில். அப்போது கடல் 5 முதல் 25 மீட்டர் வரை உயர்ந்து நின்றது. இந்த உயர்வுகள் பல நூற்றாண்டுகளிலும் ஆயிரம் ஆண்டுகளிலும் நடந்தவை என்பதையும், ஒருமுறை தொடங்கியபின் பனிப்பாளங்களை எளிதில் நிறுத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அன்றைய வெப்பம் எப்படித் தணிந்தது? காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து மென்மையான அமிலமாகிப் பாறைகளை அரிக்கிறது. அரிக்கப்பட்ட கால்சியமும் கார்பனும் ஆறுகள் வழியாகக் கடலை அடைகின்றன. உயிரிகள் அவற்றை ஓடாக்க, ஓடு படிந்து சுண்ணாம்புப் பாறையாகிறது. வெப்பமும் மழையும் கூடினால் இந்த அரிப்பும் வேகம் கொள்ளும் என்பதால், பூமியின் வெப்பநிலையை நீண்டகாலத்தில் ஒரு கட்டுக்குள் வைத்திருப்பது இதுவே. வால்விஸ் உருளையில் செம்பழுப்புக் களிமண்ணுக்கு மேல் வெளிர்நிறச் சேறு திரும்புவது இந்த வேலை நடந்ததன் தடயம். ஆனால் வெப்ப உச்சம் முழுவதுமாகத் தணிய 1,50,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. 1850 முதல் 2019 வரை மனிதச் செயல்பாடுகளால் வெளியான கார்பன் ஏறத்தாழ 65,000 கோடி டன். அதில் ஒரு பகுதி இதே பாறை அரிப்பை நம்பிப் பல ஆயிரம் ஆண்டுகள் காற்றிலேயே காத்திருக்கும்.

அந்த அரிப்பைச் செயற்கையாக விரைவுபடுத்த முடியுமா என்று இப்போது சோதித்துப் பார்க்கிறார்கள். பசால்ட் எனப்படும் எரிமலைப் பாறையைப் பொடியாக்கி விளைநிலங்களில் தூவினால், பாறையின் மேற்பரப்பு பன்மடங்கு கூடி அரிப்பு வேகமெடுக்கும். மண்ணுக்கும் சில சத்துகள் கிடைக்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் வயல்வெளிச் சோதனைகள் நடக்கின்றன. உலகின் பெரிய வேளாண் நாடுகள் அனைத்தும் இதை மேற்கொண்டால், ஆண்டுக்கு 50 கோடி முதல் 200 கோடி டன் வரை கரியமில வாயுவை அகற்றலாம் என்று டேவிட் பியர்லிங் தலைமையிலான குழு 2020-இல் மதிப்பிட்டது. அந்த மேல் எல்லையை எட்டினாலும், ஆண்டுதோறும் வெளியேறும் 3,700 கோடி டன்னில் அது பதினெட்டில் ஒரு பங்குதான். எஞ்சியதை வெளியேற்றாமல் இருப்பதற்கான வழிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.